மணற்கரை நுணல்

ஐப்பசித் திங்களில் வடகிழக்குப் பருவமழை முதன்முதலாக வலுத்துப் பெய்யும் இரவில், முட்டுக்காட்டுக் கழிமுகத்திற்குத் தெற்கே கோவளம் தொடங்கி மாமல்லபுரம் வரை நீளும் மணற்பாங்கான நிலத்திலிருந்து ஓர் ஒலி எழும். முந்தைய நாள் வரை வறண்டு கிடந்த பள்ளங்களில் நீர் தேங்கிய சில மணி நேரத்திற்குள் அவ்வொலி கிளம்பிவிடும். அதனை எழுப்பும் உயிர் வேறெங்கிருந்தும் வந்ததன்று. ஆண்டின் பெரும்பகுதியை அது அதே மணலுக்குள் புதைந்து கழித்திருக்கிறது. பின்னங்கால்களில் மண்வெட்டி போன்ற தடிப்பு ஒன்று அதற்கு உண்டு. அதனால் மண்ணைத் தள்ளிப் பின்னோக்கி இறங்கி, தோலின் ஈரம் காத்து, எறும்பும் கறையானும் உண்டு, மழைக்காகக் காத்திருக்கும். உருண்டை உடலும் குறுகிய முகமும் கொண்ட இச்சிறு உயிரைத் தமிழர் நுணல் என்றனர்.

முன்றுறை அரையனாரின் பழமொழி நானூறு, மணலில் மறைந்து கிடக்கும் நுணல் தன் குரலாலேயே பிறர் கையில் அகப்பட்டு அழிவதைச் சொல்லி, நாவடக்கத்தை அறிவுறுத்துகிறது. பாடலை மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் அந்த அறிவுரையோடு நின்றுவிடுகின்றனர். மணலில் புதைந்து வாழும் தவளையினம் ஒன்று உண்டு என்பதும், மழைக்காலத்தில் குரல் கொடுக்கும்போது மட்டுமே அது மனிதர் கண்ணில் படும் என்பதும் அப்புலவர் காலத்திலேயே தெரிந்திருந்தன என்ற செய்தி அதனினும் சுவையானது. குறுந்தொகை 193ஆம் பாடலில் அரிசில் கிழார், மலைச்சுனையில் ஒலிக்கும் தேரையின் குரலைத் தினைப்புனம் காப்போர் முழக்கும் தட்டைப் பறையின் ஓசைக்கு ஒப்பிடுகிறார். தவளை, தேரை, நுணல் என மூன்று தனித்தனிச் சொற்களை வைத்திருந்த மொழி, மூன்று வகையான வாழ்க்கையையும் உற்றுநோக்கியிருந்தது எனக் கொள்வதில் தவறில்லை. பிற்காலப் பேச்சு வழக்கில் இந்த வேறுபாடு மங்கி, எல்லாமே தவளையாகிவிட்டது.

நன்னூலார் சூத்திரங்கள் அமையும் முறைகளுள் ஒன்றைத் தவளைப் பாய்த்து என்பார். இடையிலுள்ளவற்றை விட்டுவிட்டு அப்பாலுள்ளதோடு இயைவது அது. தென்னிந்தியத் தவளைகளைப் பற்றிய அறிவியலின் வரலாறும் ஏறக்குறைய அப்படியே நடந்துள்ளது. கடற்கரையில் தொடங்கிய அவ்வறிவு, இடைப்பட்ட நிலத்தைத் தாண்டி, மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் பாய்ந்தது. தொடங்கிய இடத்திற்கு அது இன்னும் முழுமையாகத் திரும்பி வரவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தரங்கம்பாடி டேனியர் ஆட்சியில் இருந்தது. அங்கே 1771 முதல் சமயப் பணியாற்றிய கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்னும் ஜெர்மானியப் பாதிரியாருக்குக் கடலும் கழனியும் தரும் உயிர்களைத் திரட்டுவதில் பெருவிருப்பம் இருந்தது. தாம் சேர்த்த மீன்களையும் பிற உயிர்களையும் சாராயத்தில் பதப்படுத்தி, பெர்லினில் இருந்த மருத்துவரும் மீனியல் அறிஞருமான மார்கஸ் எலீசர் புளோக்குக்குக் கப்பலில் அனுப்பினார். நன்றி பாராட்டும் வகையில் புளோக், கத்தாழை மீன்களின் பேரினம் ஒன்றுக்கு ஜானின் பெயரையே சூட்டினார். மண்ணுளிப் பாம்பின் அறிவியற் பெயரிலும் அதே ஜான் இடம்பெற்றிருக்கிறார்.

புளோக்கின் சேகரிப்பைப் பயன்படுத்திக்கொண்டவர்களுள் ஒருவர் யோஹான் கோட்லோப் ஷ்னைடர். அவர் அடிப்படையில் மொழியறிஞர். கிரேக்க நூல்களைப் பதிப்பித்தவர், கிரேக்க அகராதி தொகுத்தவர். 1799ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட இருவாழ்விகளின் வரலாறு என்னும் இலத்தீன் நூலில் கீழை இந்தியாவிலிருந்து வந்தவை எனச் சில தவளைகள் முதன்முறையாகப் பெயர் பெற்றன. இன்று தமிழகத்தில் வீட்டுத் தோட்டம்தோறும் காணும் சொறித்தேரை, குளத்து நீர்மேல் தத்திச் செல்லும் சிறு தவளை, மணலில் புதையும் குறுந்தலைத் தவளை, மேலே சொன்ன உருண்டை நுணல் ஆகிய நான்கும் அவற்றுள் அடங்கும். அவற்றுட் சில தரங்கம்பாடியிலிருந்து ஜான் அனுப்பியவையாக இருத்தல் வேண்டும் என்பது பிற்கால ஆய்வாளர் கருத்து. சொறித்தேரையின் பெயருக்குக் கரும்புள்ளியுடையது என்று பொருள். அகராதிக்காரர் சூட்டிய பெயர் என்பது அந்தக் கிரேக்கச் சொல்லிலேயே தெரிகிறது. நுணல் என்ற சொல் அவர் செவிக்கு எட்டியிருந்தால் என்ன செய்திருப்பார் என்று எண்ணிப் பார்ப்பது வீண் கற்பனையாயினும் இன்பமானது.

தரங்கம்பாடிக்கு அடுத்துப் புதுச்சேரி வருகிறது. 1834ஆம் ஆண்டு பிரெஞ்சு அறிஞர் லெசோன், அங்கிருந்து கிடைத்த பெரிய பச்சைத் தவளை ஒன்றுக்கு ஆறு விரல் என்னும் பொருள்படப் பெயரிட்டார். தென்னிந்தியக் கல்லூரிகளின் விலங்கியல் ஆய்வுக்கூடங்களில் பல தலைமுறை மாணவர்கள் மெழுகுத் தட்டில் குண்டூசி குத்தி அறுத்துப் படித்தது இந்தப் புதுச்சேரித் தவளையைத்தான். பின்னர்ச் சென்னைப் படையின் மருத்துவரான தாமஸ் ஜெர்டன் 1853ஆம் ஆண்டு வங்காள ஆசியக் கழக இதழில் தென்னிந்திய ஊர்வனவற்றின் பட்டியலை வெளியிட்டபோது, ஆங்கிலேயர் கர்நாடிக் என்று வழங்கிய கீழைச் சமவெளியிலிருந்து மேலும் இரண்டு தவளைகளைச் சேர்த்தார். ஒன்று பருத்த உடல் கொண்ட வயல் தவளை. மற்றொன்று ஆற்று மணலிலும் கரையோர மணலிலும் வாழும் செந்நிறச் சிறு தவளை. ஆக, ஐம்பது ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில், சோழமண்டலக் கரையின் பொதுவான தவளைகளுள் பல அறிவியல் ஏட்டில் ஏறிவிட்டன. அன்றைய அறிஞர்க்குத் தென்னிந்தியத் தவளை என்றால் பெரிதும் சமவெளித் தவளைதான்.

அதே பட்டியலில் ஜெர்டன் நீலகிரி, வயநாட்டுத் தவளைகளையும் குறிப்பிட்டார். அவற்றுள் ஒன்றற்குக் கிண்கிணி ஒலி எழுப்புவது என்ற பொருளில் பெயர் அமைந்தது. அதன்பின் ஆய்வாளர் கால்கள் மலையை நோக்கியே நடந்தன. சென்னை மாகாண வனத்துறையின் தலைவராக 1882 வரை பணியாற்றிய ரிச்சர்டு பெடோம், ஆனைமலை முதல் பொதிகைச் சாரல் வரை அலைந்து மலைத்தவளைகள் பலவற்றை வெளிப்படுத்தினார். கோயம்புத்தூரில் பிறந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று, பெங்களூர் மத்தியக் கல்லூரியில் பேராசிரியராக விளங்கிய சி. ஆர். நாராயண ராவ் 1937ஆம் ஆண்டு தென்னிந்தியத் தவளைகள் பலவற்றைப் புதியனவாக அறிவித்தார். அவர் ஆதாரமாகக் கொண்ட உடல்கள் பிற்காலத்தில் காணாமற்போயின. எந்தத் தவளையைப் பார்த்து அவர் எந்தப் பெயரை எழுதினார் என்பதை உறுதிசெய்ய இயலாமல் பின்வந்தோர் பல ஆண்டுகள் இடர்ப்பட்டனர். தரங்கம்பாடியிலிருந்து கடல் கடந்து போனவை பெர்லினில் எஞ்சியிருக்க, உள்நாட்டிலேயே வைத்தவை மறைந்துபோனது வேதனைக்குரியது.

மலைக்காடுகள் பேசப்பட்ட அக்காலத்தில் கடற்கரைக் காடு என்னவாயிற்று என்பதை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. தமிழில் காடு என்ற சொல் வனத்தையும் குறிக்கும், புன்செயையும் குறிக்கும். எனவே முட்டுக்காடு என்ற பெயரை வைத்து ஒரு பெருவனத்தைக் கற்பனை செய்துகொள்ள வேண்டியதில்லை. ஆயினும் இக்கரைக்கென்று இயல்பான காடு ஒன்று இருந்தது. வீரை, காசா, உலக்கைப்பாலை முதலிய மரங்கள் செறிந்து, கோடையிலும் இலை உதிராது நிற்கும் குட்டையான காடு அது. வனவியலார் அதனை வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்பர். உலகில் மிகக் குறுகிய பரப்பில் எஞ்சியிருக்கும் காட்டு வகைகளுள் ஒன்றான இதன் துணுக்குகள், மரக்காணத்திற்குத் தெற்கே புத்துப்பட்டு ஐயனார் கோயில் தோப்பு போன்ற இடங்களில் தெய்வத்தின் பெயரால் பிழைத்திருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரயில் எஞ்சின்களுக்கு விறகு வேண்டியிருந்தமையால் கடற்கரை மணலெங்கும் சவுக்கு நடப்பட்டது. சவுக்கந்தோப்பின் நிழலைக் காட்டின் நிழலாகவே இன்று பலரும் கருதுகின்றனர்.

நீரின் கதை வேறு. செங்கற்பட்டுப் பகுதிக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். ஏரி, தாங்கல், குட்டை, கோயில் குளம் எனப் பலவகை நீர்நிலைகள் மழைநீரைப் பிடித்து வைத்தன. இத்தொடரின் கடைக்கோடியில், பக்கிங்ஹாம் கால்வாயும் முட்டுக்காட்டுக் கழியும் உவர்நீரோடு நிற்கின்றன. இருவாழ்விகளின் வாழ்வு இந்த எல்லைக்கோட்டைப் பொறுத்தது. அவற்றின் முட்டைக்கு ஓடில்லை. தோல் நீரை உறிஞ்சும், அதன் வழியே மூச்சும் நடக்கும். ஆகவே உப்பு மிகுந்த நீரில் பெரும்பாலான தவளைகளின் முட்டையும் தலைப்பிரட்டையும் பிழைப்பதில்லை. கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் நுணல் வாழ முடிவது, மணல் மேட்டின் அடியில் நன்னீர் தங்குவதாலும், மழை முடிந்தபின் ஐந்தாறு வாரங்களேனும் பள்ளங்களில் நீர் நிற்பதாலும்தான். ஆண்டு முழுதும் நீர் நிறைந்த பெரிய ஏரி அதற்கு உகந்ததன்று. அங்கே மீன்கள் தலைப்பிரட்டைகளைத் தின்றுவிடும். ஆண்டுதோறும் நிறைந்து, ஆண்டுதோறும் வற்றும் குட்டைதான் அதற்கு வேண்டும். அத்தகைய குட்டை எந்த வரைபடத்திலும் நீர்நிலையாகக் குறிக்கப்படுவதில்லை. கோடையில் பார்ப்பவர்க்கு அது வெறும் மனை.

இந்த மாவட்டத்தில் உயிர்களைக் காக்கும் முயற்சிகளுக்குக் குறைவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வேடந்தாங்கல் மக்கள் தங்கள் ஏரிக்கு வரும் பறவைகளின் எச்சம் வயலுக்கு எருவாவதை அறிந்து, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கலெக்டர் லயோனல் பிளேஸிடம் அப்பறவைகளைச் சுடலாகாது என்று உத்தரவு பெற்றனர். ஷ்னைடரின் நூல் வெளிவந்த காலமும் ஏறத்தாழ அதுவே. பாம்புகளின் முறை மிகத் தாமதமாக வந்தது. ரோமுலஸ் விட்டேகர் தாம்பரம் அருகே தொடங்கிய பாம்புப் பண்ணை 1972ஆம் ஆண்டு கிண்டிக்கு இடம்பெயர்ந்தது. அதே ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பாம்புத்தோல் ஏற்றுமதியும் தடைப்பட, அத்தொழிலை நம்பியிருந்த இருளர் குடும்பங்கள் கையற்று நின்றன. 1978ஆம் ஆண்டு அமைந்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், பாம்பைக் கொல்லாமல் நஞ்செடுத்துத் திரும்ப விடும் தொழிலாக அவர்களது பழைய அறிவை மாற்றியமைத்தது. வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருளர் இருவருக்கு 2023ஆம் ஆண்டு பத்மஸ்ரீ வழங்கப்பட்டபோது அந்த அறிவுக்கு நாடு தலைவணங்கியது எனலாம்.

முட்டுக்காட்டிற்குத் தெற்கே வடநெம்மேலியில் 1976ஆம் ஆண்டு முதலை வங்கி தோன்றியது. எட்டரை ஏக்கர் மணலில் குளங்கள் தோண்டி, அருகிவந்த முதலைகளைச் சேர்த்து இனம் பெருக்கி, பின்னர் ஆறுகளுக்கு வழங்குவது நோக்கம். ஆகவேதான் வங்கி என்ற பெயர். திட்டம் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே பலித்தது. பெருகிய முதலைகளை எங்கே விடுவது என்பதே பின்னர்ச் சிக்கலாயிற்று. கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கில் அணை வரப்போகிறது என்பதை 1970களின் தொடக்கத்தில் பொதுமக்கள் கவனத்திற்குக் கொண்டுவந்த முன்னோடிகளுள் விட்டேகரும் ஒருவர். அணைத் திட்டம் கைவிடப்பட்டு, 1984இல் அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாயிற்று. மலைக்காட்டுத் தவளைகள் பலவற்றின் வாழ்விடம் அதனால் நீரில் மூழ்காமல் தப்பியது. இங்கே பணியாற்றிய விஜயா என்னும் இளம்பெண், எழுபது ஆண்டுகளாக எவர் கண்ணிலும் படாதிருந்த காட்டு ஆமையை 1982ஆம் ஆண்டு கேரளக் காட்டில் மீண்டும் கண்டுபிடித்து, 1987இல் இளவயதிலேயே மறைந்தார். அவ்வாமையின் அறிவியற் பெயர் இன்று அவர் பெயரையே தாங்குகிறது. கடற்கரை மணலில் நின்றவர்களின் பார்வை மலைக்காட்டின் மேல் பதிந்திருந்ததற்கு இவை சான்றுகள்.

இந்நிறுவனத்தார் ராஜநாகத்தின் பெயரில் ஹமட்ரையட் என்னும் ஆய்விதழ் ஒன்றை நடத்தினர். பெர்லின் அருங்காட்சியகத்தில் எஞ்சியிருக்கும் தென்னாசிய ஊர்வன, இருவாழ்விகளின் பழைய உடல்களைப் பற்றி ஆரன் பாவர் எழுதிய விரிவான கட்டுரை 1998ஆம் ஆண்டு அவ்விதழில்தான் வெளிவந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து சாராயப் புட்டியில் போன தேரையின் செய்தி இருநூறு ஆண்டுகள் கழித்து அதே கரைக்கு அச்சில் திரும்பி வந்தது.

பறவைக்கு உத்தரவு, பாம்புக்குச் சங்கம், முதலைக்கு வங்கி. தவளைக்கு மட்டும் அத்தகையது எதுவும் அமையவில்லை. அதற்குக் கிடைத்தது சந்தை. மேலை நாட்டு விருந்து மேசைகளுக்காகத் தவளைக்கால் ஏற்றுமதி இந்தியாவில் பெருந்தொழிலாக வளர்ந்தது. மழைக்கால இரவில் ஆண் தவளைகள் கூவிப் பெண் தவளைகளை அழைக்கும் நேரமே பிடிப்பவர்க்கு அறுவடை நேரம். விளக்கொளியில் திகைத்து நிற்கும் தவளைகளைச் சாக்கில் நிரப்பினர். நுணலுக்குப் பழமொழி சொன்ன விதி வயல் தவளைக்கு ஆயிரமாயிரமாக நிகழ்ந்தது. 1980களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு மூவாயிரம், நாலாயிரம் டன் என்ற அளவில் கால்கள் மட்டும் கப்பலேறின. காலையிழந்த உடல்கள் கழிவாயின. ஏற்றுமதியானவற்றில் பெரும்பங்கு மூன்று இனங்கள்: நாடெங்கும் காணப்படும் பெரிய வயல் தவளை, ஜெர்டன் பெயரிட்ட பருத்த தவளை, புதுச்சேரியின் ஆறுவிரல் தவளை. பின்னிரண்டும் இக்கரையிலிருந்து அறிவியலுக்குப் போனவை.

வயலில் பூச்சியையும் நண்டையும் தின்னும் தவளையை விற்று ஈட்டும் அந்நியச் செலாவணியைவிட, அது இல்லாத வயலுக்குப் பூச்சிக்கொல்லி வாங்கும் செலவு மிகுதி என்ற வாதம் வலுப்பெற்றது. பம்பாயின் ஹுமாயூன் அப்துலாலி இவ்வாணிகத்திற்கு எதிராக எழுதியும் பேசியும் வந்தார். 1985ஆம் ஆண்டு இரண்டு இனங்கள் பன்னாட்டு வாணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 1987ஆம் ஆண்டு இந்திய அரசு தவளைக்கால் ஏற்றுமதியைத் தடைசெய்தது. வாணிகம் ஓயவில்லை. வங்காளதேசத்திற்கும், அங்கும் தடை வந்தபின் பெரிதும் இந்தோனேசியாவிற்கும் இடம்பெயர்ந்தது. கல்லூரி ஆய்வுக்கூடத்துத் தவளைக்கு விடுதலை மேலும் பிந்தியது. அறுத்துப் பயில்வதைப் படிப்படியாகக் கைவிடுமாறு பல்கலைக்கழக மானியக் குழு வழிகாட்டுதல் வெளியிட்டது 2011ஆம் ஆண்டில்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரிய உயிர் என்று யாரும் எண்ணாத, எங்கும் காணும் தவளைகளே டன் கணக்கில் அழிக்கப்பட்டன. மிகுதியாக இருந்தமையே அவற்றுக்குப் பகையாயிற்று. பிணந்தின்னிக் கழுகுகளுக்கு நேர்ந்ததை நேரில் கண்ட தலைமுறைக்கு, எங்கும் காண்பது என்றும் காண்பதாகும் என்ற நம்பிக்கை எவ்வளவு மெலிந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை.

அந்தத் தடை வந்த காலத்திலேயே உலக அளவில் வேறொரு கவலை தொடங்கியிருந்தது. கோஸ்டா ரிகாவின் மலைக்காட்டில் மழைக்குப்பின் கூட்டங்கூட்டமாய்த் தோன்றிவந்த பொன்னிறத் தேரை 1989ஆம் ஆண்டிற்குப் பிறகு தென்படவில்லை. மத்திய அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் தீண்டப்படாத காடுகளில்கூடத் தவளைகள் மறைந்தன. 1999ஆம் ஆண்டு பெயரிடப்பட்ட ஒரு பூஞ்சை, தோலைப் பற்றி உயிரைப் போக்குவது தெரியவந்தது. அப்பூஞ்சை மேற்குத் தொடர்ச்சி மலையிலும் கண்டறியப்பட்டுள்ளது. ஆனால் அங்குக் கண்டவாறு கூட்டமரணம் இங்கு நேர்ந்ததாகச் செய்தியில்லை. இங்குத் தவளையை முதன்மையாக அழிப்பது வாழ்விடச் சிதைவே. 2004ஆம் ஆண்டு நடந்த உலகக் கணிப்பு, இருவாழ்வி இனங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அழிவின் விளிம்பிலுள்ளதாகச் சொன்னது. 2023இல் வெளியான இரண்டாம் கணிப்பில் எட்டாயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் ஆராயப்பட்டு, நூற்றுக்கு 41 என்ற நிலை வெளிப்பட்டது. முதுகெலும்புள்ள உயிர் வகுப்புகளுள் இவ்வளவு இக்கட்டில் உள்ள பெருங்கூட்டம் வேறில்லை.

இக்கவலைக்கு நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை வியப்புகளைத் தந்தவண்ணம் இருந்தது. 2003ஆம் ஆண்டு பிஜுவும் பொசுய்ட்டும் இடுக்கி மாவட்டத்திலிருந்து அறிவித்த ஊதாநிறத் தவளை அவற்றுள் தலையாயது. பன்றிமூக்குப் போன்ற முகத்துடன் மண்ணுக்குள் வாழ்ந்து, ஆண்டில் சில நாட்கள் மட்டும் வெளிவரும் அதன் நெருங்கிய உறவுகள், இந்தியப் பெருங்கடலுக்கு அப்பால் சேஷெல்ஸ் தீவுகளில் உள்ளன. நிலப்பகுதிகள் பிரிவதற்கு முன் தோன்றிய குடியின் எச்சம் அது. பாறையைப் பற்றி ஓடைநீரை எதிர்த்து நிற்கும் அதன் தலைப்பிரட்டை 1918ஆம் ஆண்டே அன்னண்டேலாலும் இராவாலும் விவரிக்கப்பட்டிருந்தது. தாய் எது என்று தெரிவதற்கு 85 ஆண்டுகள் ஆயின. மலைவாழ் மக்களுக்கு அது புதிதன்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2017ஆம் ஆண்டு இதன் உடன்பிறப்பு ஒன்று மலையின் கீழ்ச்சரிவில், திருவில்லிபுத்தூர் சாம்பல் அணில் சரணாலயப் பகுதியிலிருந்து அறிவிக்கப்பட்டது. கோவை சலீம் அலி பறவையியல் மையத்தின் ஆய்வாளரும், 2014ஆம் ஆண்டு அகத்தியமலையில் களப்பணியின்போது உயிர்நீத்தவருமான எஸ். பூபதியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. மேற்குச் சரிவிலுள்ளது தென்மேற்குப் பருவமழைக்கு வெளிவர, கீழ்ச்சரிவிலுள்ள இது வடகிழக்குப் பருவமழையில் இனம் பெருக்குகிறது. முட்டுக்காட்டு நுணலை எழுப்பும் அதே மழைதான் இதற்கும்.

தவளையை முதலையைப் போல வங்கியில் வைத்துக் காக்க இயலுமா என்ற வினா எழாமல் இல்லை. தான்சானியாவின் கிஹான்சி அருவிச் சாரலில் மட்டும் வாழ்ந்த சிறுதேரை 1996ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. 2000ஆம் ஆண்டில் அணை அருவிநீரைத் திருப்பியதும் அதன் உலகம் வறண்டது. அமெரிக்க விலங்குக் காட்சியகங்கள் சில நூறு தேரைகளை எடுத்துச் சென்று கண்ணாடித் தொட்டிகளில் இனம் பெருக்கின. 2009இல் இயற்கையில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்ட அது 2012இல் தன் இடத்திற்குத் திரும்பக் கொண்டுவரப்பட்டது. அருவி இழந்த சாரலைக் குழாய் வைத்துத் தெளித்துத்தான் அதை வரவேற்க வேண்டியிருந்தது. இயலும் என்பதே விடை. ஆனால் விரலளவுத் தேரை ஒன்றுக்கு ஆன செலவும் உழைப்பும் பார்க்கையில், நூற்றுக்கணக்கான இனங்களுக்கு அவ்வழி ஆகாது. குட்டையும் மணலும் காடும் இருக்குமிடத்தில் இருந்தால் தவளை தன் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும்.

முட்டுக்காட்டுக் கரைத் தவளைகள் உலகச் செம்பட்டியலில் பெரும்பாலும் கவலைக்குரியனவல்ல என்ற பிரிவிலேயே வைக்கப்பட்டுள்ளன. நாடு முழுதும் பரந்த இனத்திற்கு அத்தீர்ப்பு பொருந்தும். ஆனால் ஓர் ஊரின் குட்டைக்கு அதனால் பயனில்லை. அப்பரப்பும் உண்மையிலேயே பரந்ததுதானா என்ற ஐயமும் கிளம்பியுள்ளது. ஜெர்டனின் செந்நிறச் சிறு தவளை இலங்கையிலும் உள்ளதாகவே நெடுங்காலம் எழுதிவந்தனர். 2016ஆம் ஆண்டு ஆராய்ந்தபோது இலங்கையிலுள்ளது வேறினம் எனத் தெரிந்து, மிகிந்தலையின் பெயரைப் பெற்றது. சமவெளித் தவளைகளைப் பற்றி எல்லாம் தெரியும் என்ற எண்ணத்தில் அவற்றை விட்டு மலையேறிய நூற்றாண்டின் விலை இது.

இதற்கிடையே கரை மாறிக்கொண்டே வந்தது. 1990களில் தமிழகக் கடற்கரையெங்கும் பரவிய இறால் பண்ணைகள் உவர்நீரை நன்னீர் நிலத்திற்குள் கொண்டுவந்தன. காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் கரையோரப் பண்ணைகளை அகற்ற ஆணையிட்டது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை, தலைப்பிரட்டைகள் வளர்ந்துகொண்டிருக்கும் பருவத்தில் கரையோரப் பள்ளங்களில் கடலைக் கொட்டியது. அந்த உப்பை அடுத்தடுத்த மழைகளே கழுவ வேண்டியிருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருபுறமும் மனைகள் மேடேற்றப்பட்டன. மேடேறிய மனையில் மழைநீர் நிற்பதில்லை. மழையிரவில் பள்ளத்தைத் தேடிச் சாலையைக் கடக்கும் தவளைகளின் கதி மறுநாட் காலையில் தாரின்மேல் தெரியும். 2022ஆம் ஆண்டு பள்ளிக்கரணையும் கரிக்கிலியும் வேடந்தாங்கலும் ராம்சர் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டது மகிழ்ச்சிக்குரியது. அவற்றுள் பின்னிரண்டும் பறவைகளால் பெயர்பெற்ற ஏரிகள். கோடையில் பெயரற்றுக் கிடக்கும் மணற்பள்ளம் எந்தப் பட்டியலிலும் ஏறாது.

அப்பள்ளத்தின் இருப்பை அறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. முதல் மழையிரவில் கரையோரம் நின்று கேட்கும் செவி போதும். நீண்ட நடுங்கொலியாய் இடைவிடாது வருவது சொறித்தேரை. சுவரிலும் மரத்திலும் ஒட்டிக்கொண்டு தட்டுவதுபோல் விட்டுவிட்டு ஒலிப்பது மரத்தவளை. வண்டின் இரைச்சல்போல் மணலோரத்தில் தொடர்வது ஜெர்டனின் செந்நிறத் தவளை. இவை மழைக்காலம் நெடுக இரவுதோறும் கேட்கக்கூடியவை. இவற்றினடியில், தொண்டைக்குள்ளிருந்து வருவதுபோல் தாழ்ந்து முழங்கும் ஒரு குரல் உண்டு. அது மூன்று நான்கு இரவுகள் மட்டும் கேட்கும். முட்டையிட்டு முடிந்ததும் நுணல் மணலுக்குள் இறங்கிவிடும்.